‘ஏழு நாளில் ரொக்கம்’ என்கிறார். அப்பாவின் காலி மனையை விற்கலாமா?

கேள்வி:

நான் தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, வயது 66. டோங்காட்டில் அப்பா வாங்கிப்போட்ட காலி மனை ஒன்று இருக்கிறது. ஏறக்குறைய 900 சதுர மீட்டர். கடைசிவரை வீடு கட்டவில்லை. அம்மா முன்பே போய்விட்டார். அப்பா 2012ல் காலமானார், உயில் எழுதவில்லை. டைட்டில் டீட் இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. நாங்கள் மூன்று பிள்ளைகள். அண்ணன் 2020ல் இறந்துவிட்டார். அண்ணியும் ஒரு மகனும் இருக்கிறார்கள். தம்பி மெல்போர்னில் குடியிருக்கிறான். முனிசிபாலிட்டிக்குக் கட்டும் சொத்து வரி, ரேட்ஸ், 38,000 ராண்ட் பாக்கி. புல் வெட்டச் சொல்லி முனிசிபாலிட்டி நோட்டீஸ் வேறு அனுப்புகிறது.

போன மாதம் ஒருவர் வீடு தேடி வந்தார். காலி மனைகளை நேரடியாக ரொக்கத்துக்கு வாங்குகிறாராம். ஏஜெண்ட் கமிஷன் கிடையாது, ஏழு நாளில் பணம் என்கிறார். 340,000 ராண்ட் தருவாராம். முனிசிபாலிட்டி மதிப்பீடு 520,000 என்று காட்டினேன். பழைய ரேட்ஸ் பாக்கி தன் தலையில் விழும், 2022 வெள்ளத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் விலை போகவில்லை என்றார். அண்ணிக்குக் கோயிலில் நடந்த கல்யாணம், ஹோம் அஃபேர்ஸில் பதிவு இல்லை, அதனால் அவர் கையெழுத்தே தேவையில்லை என்கிறார். நான் ஒரு பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்துவிட்டால் மற்ற பேப்பர் வேலையெல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். போகும்போது ஒரு கவரில் 10,000 ராண்டை மேசையில் வைத்து, ரசீது எழுதி வாங்கிக்கொண்டு போனார். தம்பியோ, “கிடைத்ததை வாங்கிக்கொள் அக்கா, தலைவலி தீரட்டும்” என்கிறான். விற்கலாமா?

பதில்:

அம்மா, விற்கலாம். விலையும் பேப்பரும் சரியாக அமைந்தால் இவருக்கேகூட விற்கலாம். ஆனால் இன்றைக்கு உங்களால் விற்க முடியாது. உங்கள் தம்பியாலும் முடியாது, மூன்று குடும்பமும் ஒன்றாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டாலும் முடியாது. அந்த மனை சட்டப்படி இன்னும் உங்கள் அப்பாவின் எஸ்டேட்டில், அதாவது அவர் விட்டுப்போன சொத்தும் கடனும் சேர்ந்த கணக்கில், இருக்கிறது. இறந்தவர்களின் எஸ்டேட்டுகளை மேற்பார்க்கும் அதிகாரியான மாஸ்டர் ஆஃப் தி ஹை கோர்ட் கொடுக்கும் அதிகாரக் கடிதம் கையில் இல்லாத யாரும் இறந்தவரின் சொத்தை விற்கவோ பங்கு போடவோ கூடாது என்று 1965ன் எஸ்டேட் நிர்வாகச் சட்டம் சொல்கிறது. உங்களைத் தேடி வந்தவர் தினமும் இந்தத் தொழில் செய்கிறவர் என்றால் இது அவருக்குத் தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. ஏழு நாள் என்ற பேச்சை நான் நம்பாததற்கு முதல் காரணம் அதுதான்.

அந்த ஏழு நாளைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அதற்காகத்தான் அவர் 340,000க்கு விலை பேசுகிறார், உங்கள் தம்பியும் அதில்தான் மயங்கியிருக்கிறார்.

நம் நாட்டில் நிலம் கைமாறுவது டீட்ஸ் ஆபீஸில் பதிவாகும் அந்த நாளில்தான். குவாசுலு-நட்டால் முழுமைக்கும் அந்த அலுவலகம் உங்கள் ஊரில், மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. அங்கே ஃபைல் போவதற்கு முன் முனிசிபாலிட்டியின் ரேட்ஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் வேண்டும், வரித்துறையான சார்ஸிடமிருந்து டிரான்ஸ்ஃபர் டியூட்டி எனும் சொத்துக் கைமாற்று வரியின் ரசீது அல்லது விலக்குச் சான்று வேண்டும், எஸ்டேட் சொத்து என்பதால் மாஸ்டரின் ஒப்புதலும் வேண்டும். எஸ்டேட் சிக்கல் எதுவும் இல்லாத சாதாரண விற்பனையே இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். வாங்குகிறவர் கையில் எவ்வளவு ரொக்கம் இருந்தாலும் இந்த வரிசையில் ஓர் அலுவலகத்தைக்கூட அவர் தாண்டிப் போக முடியாது.

அப்படியானால் கேஷ் பையர் என்பவரால் மிச்சமாவது என்ன? பாண்ட், அதாவது பாங்க் கடன் வேலை மட்டும்தான். பாங்க் கடனுக்கு விண்ணப்பித்து, மதிப்பீட்டாளர் வந்து பார்த்து, அனுமதி வருமா வராதா என்று காத்திருக்கும் அந்தச் சில வாரங்கள் மிச்சம். அனுமதி கிடைக்காமல் விற்பனை முறிந்துபோகும் ஆபத்தும் இல்லை. காலி மனை விஷயத்தில் இது சின்ன லாபம் என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குக் கொடுக்கும் அளவுக்குக் காலி மனைக்கு பாங்குகள் கடன் கொடுப்பதில்லை. வாங்குகிறவர் பெரிய தொகையைக் கையிலிருந்து போட வேண்டும். ஆகவே மனை வாங்க வருகிறவர்களில் ரொக்கக்காரர்கள் இயல்பாகவே அதிகம். உங்கள் ஆள் ஒருவர்தான் ரொக்கத்தோடு நிற்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். பாண்ட் தொல்லை இல்லாததற்காக ஒரு 5 சதவீதம், 10 சதவீதம் விட்டுக்கொடுக்கலாம் என்றால் எனக்கும் சம்மதம். 520,000க்கும் 340,000க்கும் இடையே 180,000 இருக்கிறது, அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அவரால் கொடுக்கவே முடியாத வேகத்துக்கு அது மிகப் பெரிய விலை.

முனிசிபாலிட்டி மதிப்பீட்டையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது ரேட்ஸ் போடுவதற்காக மொத்தமாகப் போட்ட கணக்கு. சந்தை விலை அதற்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். அக்கம்பக்கத்தில் எந்த மனை எந்த ஆண்டு என்ன விலைக்குப் போனது என்பது டீட்ஸ் ஆபீஸ் பதிவில் இருக்கிறது. சிறு கட்டணத்துக்கு யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். அந்த வட்டாரத்தில் தொழில் செய்யும் இரண்டு ஏஜெண்டுகளிடம் விலை கேளுங்கள். விற்றுத் தருவதற்கு ஆசைப்பட்டு இலவசமாகவே சொல்வார்கள். எஸ்டேட் வேலைக்கும் வரிக் கணக்குக்கும் எப்படியும் ஒரு மதிப்பீடு தேவைப்படும் என்பதால், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவருக்குக் காசு கொடுத்து எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

கமிஷன் இல்லை என்கிறாரே, அதையும் கணக்குப் போட்டுவிடுவோம். மனை 500,000 ராண்டுக்குப் போகிறது, ஏஜெண்ட் 7.5 சதவீதம் கேட்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 37,500. அதன்மேல் 15 சதவீதம் வாட், 5,625. ஆக 43,125 போனாலும் 456,875 மிஞ்சும். கமிஷனே இல்லாத 340,000ஐவிட அது 116,875 அதிகம். கமிஷன் சதவீதத்துக்கும் சட்டத்தில் கட்டு எதுவும் இல்லை, பேசிக் குறைக்கலாம். ஏஜெண்டே வேண்டாம் என்றால் இருபக்கத்து வீட்டுக்காரர்களிடம் முதலில் கேளுங்கள். காலி மனைக்குப் பக்கத்து வீட்டுக்காரனைவிட நல்ல கேஷ் பையர் கிடைப்பது அபூர்வம்: மகனுக்கு ஒரு வீடு, லாரி நிறுத்த இடம், காய்கறித் தோட்டம் என்று அவருக்கு ஏதாவது ஒரு தேவை பல வருடமாகவே மனதில் இருக்கும். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்திருப்பார், ஏனென்றால் பத்திரத்தில் இருப்பது காலமானவர் பெயர்.

விலையைக் குறைக்க அவர் சொன்ன இரண்டு காரணங்களில் ஒன்று சட்டப்படி தவறு, இன்னொன்றில் பாதி உண்மை இருக்கிறது.

பழைய ரேட்ஸ் பாக்கி புது உரிமையாளர் தலையில் விழாது. ஒரு காலத்தில் முனிசிபாலிட்டிகள் அப்படித்தான் பிடித்தன. 2017 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை நிறுத்திவிட்டது: முந்தைய உரிமையாளர் காலத்துக் கடனுக்கான பிடிமானம் பதிவு முடிந்ததும் அந்த நிலத்தை விட்டுப் போய்விடும். கிளியரன்ஸ் சான்றிதழுக்கு முனிசிபல் அமைப்புகள் சட்டத்தின் 118ஆம் பிரிவு கேட்பதும் விண்ணப்பத்துக்கு முந்தைய 2 ஆண்டுப் பாக்கியைத்தான். அதற்கு முந்தையது அப்பாவின் எஸ்டேட் தீர்க்க வேண்டிய கடன். வாங்குகிறவருக்கு அதில் பயம் இல்லை. எனவே அந்த 38,000ல் எது எந்த ஆண்டுக்கு உரியது என்று பிரித்து ஒரு ஸ்டேட்மென்ட் வாங்குங்கள். கூடவே ஒரு விஷயம்: டோங்காட் சேர்ந்திருக்கும் டர்பன் மாநகராட்சியான எத்தெக்வினியில் காலி மனைக்கு ரேட்ஸ் விகிதம் குடியிருக்கும் வீட்டைவிட அதிகம். சும்மா போட்டுவைத்தால் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருக்கும். அதனால் விற்க வேண்டும் என்ற உங்கள் முடிவு சரியானதே. அவசரம்தான் கூடாது.

வெள்ளம் வேறு கதை. 2022 ஏப்ரல் மழையில் டோங்காட் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். தண்ணீர் சுத்திகரிப்பு நிலையமே அடிபட்டு, மக்கள் மாதக்கணக்கில் டாங்கர் லாரிக்கு வரிசையில் நின்றார்கள். அதனால் டோங்காட் மனை எல்லாவற்றுக்கும் விலை விழுந்துவிட்டது என்று சொல்ல முடியாது. உங்கள் மனையில் தண்ணீர் ஏறியதா, மண் சரிந்ததா, பக்கத்தில் ஓடை இருக்கிறதா, வெள்ளக் கோட்டுக்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி. நேரில் போய்ப் பாருங்கள். ஏதாவது நடந்திருந்தால் ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’, இருப்பது இருந்தபடி விற்பனை என்ற ஷரத்து உங்களைக் காப்பாற்றும்தான். ஆனால் தெரிந்தே மறைத்த குறைக்கு அது துணை வராது.

போகிறபோது எல்லைக் கற்களையும் பாருங்கள். யாராவது சோளம் போட்டிருக்கிறார்களா, பக்கத்துச் சுவர் உள்ளே வந்திருக்கிறதா, தகரக் கொட்டகை முளைத்திருக்கிறதா? ஆள் குடியேறியிருந்தால் 1998ன் சட்டப்படி நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. அப்படி இருக்கும்போது காலியாக ஒப்படைக்கிறேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் வழக்கு உங்கள் மேல் வரும்.

இனி அண்ணி. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய வரி அதுதான்.

உங்கள் அண்ணன் அப்பாவுக்குப் பிறகுதான் இறந்தார். ஆகவே அப்பா இறந்த அன்றே மூன்றில் ஒரு பங்கு அண்ணனுக்குச் சேர்ந்துவிட்டது. அவர் இறந்ததும் அந்தப் பங்கு அவருடைய எஸ்டேட்டுக்குப் போனது. அங்கிருந்து யாருக்குப் போகும் என்பதை உங்களைத் தேடி வந்தவர் தீர்மானிக்க முடியாது. உயில் இல்லாவிட்டால் 1987ன் வாரிசுரிமைச் சட்டம் தீர்மானிக்கும். கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் வாழ்ந்த நம் பெண்களை மனைவி என்றே ஏற்காத காலம் இந்த நாட்டில் மிக நீண்டது. டர்பன் உயர்நீதிமன்றம் அதற்கு ஒரு முடிவு கட்டியது: இந்து முறைப்படி ஒருவனுக்கு ஒருத்தி என்று நடந்த திருமணத்தில் உயிரோடு இருக்கும் மனைவி, அந்தச் சட்டத்தின்படி மனைவிதான். பதிவு இல்லை என்பதற்காக அண்ணியை ஒதுக்க முடியாது. திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருக்கும். ஐயரின் அல்லது கோயில் நிர்வாகத்தின் பிரமாணப் பத்திரம், கல்யாணப் போட்டோ, வந்திருந்த பெரியவர்களின் சாட்சி என்று திரட்டுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். கணவர் உயில் இல்லாமல் இறந்தால், மனைவிக்கு ஒரு பிள்ளையின் பங்கு அல்லது 250,000 ராண்ட், இதில் எது அதிகமோ அது சேரும். மனை 500,000க்குப் போனால் அண்ணன் பங்கு ஏறக்குறைய 166,667. அண்ணனுக்கு வேறு சொத்து எதுவும் இல்லையென்றால் கடன்கள் போக அது முழுவதும் அண்ணிக்குத்தான், மகனுக்குக்கூட இல்லை. அவர் கையெழுத்து இல்லாமல் முடிக்கலாம் என்று சொன்ன மனிதர் உங்கள் அண்ணிக்குச் சேர வேண்டியதை உங்கள் கையாலேயே எடுக்கச் சொல்கிறார். பிறகு வழக்கு வந்தால் நிற்கப்போவது நீங்கள், அவர் அல்ல.

பவர் ஆஃப் அட்டர்னி கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாங்குகிறவருக்கே விற்கிற அதிகாரத்தைக் கொடுப்பது ஆட்டுக்கு ஓநாயைக் காவல் வைக்கிற கதை. அதிகாரக் கடிதம் இல்லாத உங்களிடமிருந்து அப்படி ஒரு தாள் வாங்கி அவர் என்ன செய்யப் போகிறார் என்று யோசித்தேன். பெரும்பாலும் வேறு ஒருவரிடம் காட்டுவதற்காக இருக்கும். இந்தத் தொழிலில் பலர் சொந்தப் பணத்தில் வாங்குவதே இல்லை. குறைந்த விலைக்கு ஒரு கையெழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கூடுதல் விலை தரும் ஆளைத் தேடி, நடுவில் இருப்பதை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அடையாளம் ஒப்பந்தத்தில் இருக்கும். வாங்குபவர் பெயருக்குப் பக்கத்தில் ‘அல்லது அவர் நியமிக்கும் நபர்’ என்று போட்டிருக்கும். வேறு யாருக்கும் விற்கக்கூடாது என்று 90 நாள், 120 நாள் கட்டிப்போடும் ஷரத்து இருக்கும். பணம் கட்ட வேண்டிய தேதி மட்டும் மங்கலாக இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் அவர் கேஷ் பையர் அல்ல, லைசென்ஸ் இல்லாத புரோக்கர். பிறர் சொத்துக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதே தொழில் என்றால், 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தொழிலர் சட்டப்படி தொழில் நடத்த அனுமதிக்கும் ஃபிடிலிட்டி ஃபண்ட் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

உண்மையான ரொக்கக்காரரா என்று சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். அவர் சொன்ன ஏழு நாளையே பிடித்துக்கொள்ளுங்கள். விற்கும் அதிகாரம் உங்களுக்கு வந்து ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு, ஏழு நாளுக்குள் முழு விலையும் கன்வேயன்சரின், அதாவது நிலப் பதிவு செய்யும் வக்கீலின், டிரஸ்ட் அக்கவுண்டில் (பிறர் பணத்தை வைத்திருக்கும் கணக்கில்) இருக்க வேண்டும், அல்லது அந்தத் தொகைக்கு பாங்க் கேரண்டி வர வேண்டும். தவறினால் எழுத்தில் அறிவிப்புக் கொடுத்து ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். இப்படி எழுதச் சொல்லுங்கள். பணம் உள்ளவர் சிரித்துக்கொண்டே சம்மதிப்பார். பதிவு நடக்கும்வரை பணம் அந்த டிரஸ்ட் கணக்கில் கிடக்கும். அதை வக்கீல் களவாடினால்கூட ஈடு கேட்க வக்கீல்களுக்கான ஃபிடிலிட்டி ஃபண்ட் இருக்கிறது.

கன்வேயன்சர் யார் என்பதைத் தேர்ந்தெடுப்பது நம் வழக்கப்படி விற்கிறவர். கட்டணத்தைக் கொடுப்பது வாங்குகிறவர். “நான்தானே கட்டணம் கட்டுகிறேன், என் லாயரே பார்க்கட்டும்” என்பார்கள். இந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விலையில் பத்தாயிரம் இறங்கினாலும் பரவாயில்லை, இதில் இறங்க வேண்டாம். வக்கீலின் பாங்க் விவரம் மாறிவிட்டது என்று நடுவில் இமெயில் வந்தால், அதில் இருக்கும் நம்பருக்கு இல்லாமல் உங்களுக்கு முன்பே தெரிந்த நம்பருக்குப் போன் செய்து கேளுங்கள். அந்த மோசடியில் இந்த நாட்டில் எத்தனையோ வீட்டுப் பணம் போயிருக்கிறது.

நோட்டுக் கட்டாகத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 49,999.99 ராண்டுக்கு மேல் ரொக்கமாக வாங்கினால் வக்கீல் நிதிப் புலனாய்வு மையத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். பலர் நோட்டையே தொடுவதில்லை. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பேச்சு வந்தால் அன்றோடு முடித்துக்கொள்ளுங்கள். அது வரி மோசடி. அதுவும் வீண் வேலை: 2025 ஏப்ரல் 1 முதல் 1,210,000 ராண்ட் வரையிலான விலைக்கு டிரான்ஸ்ஃபர் டியூட்டியே கிடையாது.

அந்தக் கவரைத் திருப்பிக் கொடுங்கள். நோட்டாக வேண்டாம், பாங்க் மூலம் அனுப்பி, எதற்காக என்று குறிப்பும் போடுங்கள். நிலம் விற்பனை எழுத்தில் இருந்து, இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும் என்பது 1981ன் நிலம் கைமாற்றுச் சட்டம். நீங்கள் எழுதிய ரசீது அந்தச் சட்டம் கேட்கும் ஒப்பந்தம் ஆகாது என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் அதில் மனையின் விவரமும் விலையும் எழுதி, அவரும் கையெழுத்திட்டிருந்தால், நகலை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். செல்லாத ஒப்பந்தத்தின் கீழ் கொடுத்ததைத் திரும்பக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. உங்களுக்கும் அந்தப் பணம் வீட்டில் இருக்கும்வரை பேரம் பேச வாய் வராது.

வரி பற்றிச் சுருக்கமாக. வீட்டை விற்கும்போது குடியிருந்த வீட்டுக்கென்று ஒரு பெரிய விலக்கு உண்டு. காலி மனைக்கு அது இல்லை. லாபம் என்பது விற்ற விலைக்கும் அப்பா இறந்த நாளின் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம், செலவுகள் போக. தனிநபருக்கு அந்த லாபத்தில் 40 சதவீதம் வருமானத்தோடு சேரும். மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்குங்கள் என்று சொன்னது இதற்காகவும்தான், 2012 விலையையும் சேர்த்து இப்போதே வாங்கிவிடுங்கள். யார் கணக்கில் எவ்வளவு என்பதைக் கணக்காளர் பார்க்கட்டும். தம்பி வெளிநாட்டில் இருப்பதால் வாங்குகிறவர் வரி பிடிப்பாரோ என்ற பயம் இங்கே இல்லை, அது 20 லட்சம் ராண்டுக்கு மேற்பட்ட விற்பனைக்குத்தான்.

இப்போது வேலை. அப்பா டோங்காட்டில் குடியிருந்து இறந்தார் என்றால் டர்பன் மாஸ்டர் ஆபீஸ். அவர் இறந்த நாளில் எஸ்டேட் மதிப்பு 250,000 ராண்டுக்கு உட்பட்டது என்றால் மாஸ்டர் எளிமையான அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். தாண்டினால் எஸ்டேட்டை நிர்வகிக்கும் எக்ஸிகியூட்டர் நியமனம், கடன்காரர்களுக்குப் பத்திரிகை விளம்பரம், கணக்கு 21 நாள் பார்வைக்கு வைப்பது என்று முழு வழி. நீங்களே எக்ஸிகியூட்டராக இருக்கலாம். மகள் என்பதால் சாதாரணமாக ஜாமீன் கேட்க மாட்டார்கள். ஆனால் தொழில்முறையில் ஒருவர் உதவுகிறார் என்று காட்டச் சொல்வார்கள். அந்த உதவிக்கான கட்டணத்தை முன்கூட்டியே பேசுங்கள். எக்ஸிகியூட்டர் கட்டணத்துக்கு விதிப்படி அளவு 3.5 சதவீதம், அதற்குக் கீழேயும் பேசலாம். அண்ணனின் எஸ்டேட்டையும் அதே சமயம் அறிவித்துவிடுங்கள். வேறு பெரிய சொத்து இல்லையென்றால் அது சின்ன ஃபைல். அண்ணியே பிரதிநிதியாக இருக்கலாம்.

நியமனம் கிடைத்ததும் வாரிசுகள் எல்லோரும் விலைக்கும் விற்கும் முறைக்கும் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், மனையை உங்கள் பெயர்களுக்கு மாற்றாமல் எஸ்டேட்டிலிருந்து நேராக வாங்குகிறவருக்கே பதியலாம். ஒரு பதிவுச் செலவு மிச்சம். மூல டைட்டில் டீட் தொலைந்திருந்தால் கலங்க வேண்டாம். பத்திரிகையில் அறிவிப்புப் போட்டு, இரண்டு வாரம் பார்வைக்கு வைத்து, டீட்ஸ் ஆபீஸிலேயே சான்றிட்ட பிரதி வாங்கலாம். விற்ற பணம் எஸ்டேட் பெயரில் திறக்கும் கணக்குக்கு வர வேண்டும், உங்கள் சொந்தக் கணக்குக்கு வரக்கூடாது. கிளியரன்ஸுக்கு முன்பே ரேட்ஸ் கட்ட வேண்டியிருப்பதால், மூன்று குடும்பமும் இப்போதே பங்கு போட முடியுமா என்று பேசுங்கள். முடியாவிட்டால் வாங்குகிறவர் கட்டும் தொகையிலிருந்து அதைச் செலுத்த ஒப்பந்தத்தில் இடம் வைக்கலாம்.

இதற்கெல்லாம் சில மாதம் ஆகும் என்று தம்பியிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ரொக்கத்தோடு வந்தவரை நம்பினாலும் அதே மாதங்கள்தான் ஆகும் என்பதையும் சொல்லுங்கள். மீண்டும் அவர் போன் செய்தால் சண்டை வேண்டாம். “அதிகாரக் கடிதம் வந்ததும் எங்கள் கன்வேயன்சர் உங்களைக் கூப்பிடுவார், அப்போதும் விருப்பம் இருந்தால் விலை சொல்லுங்கள்” என்றால் போதும்.

மாஸ்டர் ஆபீஸுக்கு அப்பாவின் மரணச் சான்றிதழ், ஜே 294 மரண அறிவிப்பு, ஜே 192 உறவினர் பிரமாணப் பத்திரம், ஜே 243 சொத்துப் பட்டியல், எக்ஸிகியூட்டர் பொறுப்பை ஏற்கும் ஜே 190 இரண்டு பிரதி, உங்களை நியமிக்கச் சொல்லி மற்றவர்கள் தரும் கடிதம், இவை எல்லாம் வேண்டும். ஆஸ்திரேலியாவில் போடும் கையெழுத்துக்குச் சில தாள்களில் நோட்டரியும் அப்போஸ்டில் முத்திரையும் கேட்பார்கள், அல்லது கான்பெராவில் உள்ள நம் ஹை கமிஷனில் கையெழுத்துப் போட வேண்டும். நேரம் பிடிப்பது அதுதான். ஆகவே எந்தெந்தத் தாளுக்கு அது தேவை என்று கன்வேயன்சரிடம் கேட்டு, தம்பியின் தாள்களை முதலில் அனுப்பிவிடுங்கள். அண்ணியுடையதை நீங்களே நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம்.